மகனின் நீளமுடி: வெட்டச் சொல்வதா, விட்டுவிடுவதா?

கேள்வி: எங்கள் மகனுக்கு 15 வயது. ஒரு வருடமாக முடி வெட்டிக்கொள்ள மறுக்கிறான். இப்போது சட்டைக் காலரைத் தாண்டித் தொங்குகிறது. அவன் அப்பாவுக்கு அதைப் பார்த்தாலே கோபம் வருகிறது. "ரவுடி மாதிரி இருக்க", "பொம்பளைப் பிள்ளை மாதிரி இருக்க" என்று தினமும் சண்டை. "தூங்கும்போது வெட்டிவிடுகிறேன் பார்" என்றும் சொல்லிவிட்டார். அதிலிருந்து பையன் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தூங்குகிறான். பள்ளியிலும் ஒருமுறை எச்சரித்துவிட்டார்கள். போன பரீட்சையில் மதிப்பெண் குறைந்ததற்கும் முடிதான் காரணம் என்கிறார் மாமியார். சத்தெல்லாம் முடிக்கே போகிறதாம். தலையில் பொடுகு வேறு. நான் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கிறேன். அவனை வெட்டிக்கொள்ள வைப்பது எப்படி?
— ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறோம். தூங்கும்போது வெட்டுவேன் என்ற பேச்சை உங்கள் கணவர் இன்றே திரும்பப் பெற வேண்டும், அதுவும் மகனிடம் நேராகச் சொல்லி. "கோபத்துல சொல்லிட்டேன். அப்படிச் செய்ய மாட்டேன். நீ பயப்படாம தூங்கு." இவ்வளவு போதும். கூடவே "ஆனா நீயும்..." என்று எதையும் ஒட்ட வேண்டாம். சொந்த வீட்டில் கதவைத் தாழிட்டுத் தூங்கும் பிள்ளையிடம் முடியைப் பற்றி மட்டுமல்ல, எதைப் பற்றியும் பேச முடியாது.

பலவந்தமாக வெட்டினால் என்ன ஆகும் என்பதை அவரிடம் கணக்காகவே சொல்லுங்கள். தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 முதல் 1.25 சென்டிமீட்டர் வளரும். ஒட்ட வெட்டினால் இப்போதைய நீளத்துக்குத் திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு காலமும் கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவின் கை அவனுக்கு நினைவுக்கு வரும். அதோடு, அப்படி வெட்டப்பட்ட பையன்கள் அடங்கிப்போவதைவிட மறைக்கப் பழகுவதே அதிகம். யாரோடு போகிறான், எங்கே இருக்கிறான், என்ன பிரச்சினை என்பதையெல்லாம் வீட்டில் சொல்வது நின்றுவிடும். இந்த வயதில் பெற்றோருக்குத் தெரிந்தே ஆக வேண்டிய விஷயங்கள் அவை.

வெட்டிக்கொள்ள வைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வழி சொல்லப்போவதில்லை. முடியின் நீளம் அவன் முடிவு. சுத்தம், பாதுகாப்பு, பள்ளி விதி ஆகிய மூன்றிலும் நிபந்தனை போடும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அந்த மூன்றில் உறுதியாக நில்லுங்கள், நீளத்தை விட்டுவிடுங்கள். 15 வயதில் ஒரு பையன் தானே முடிவெடுத்துப் பழகக்கூடிய விஷயங்கள் குறைவு. அவற்றில் தவறினாலும் பெரிய நஷ்டம் வராதவை இன்னும் குறைவு. முடி அந்த வகை. பிடிக்கவில்லை என்றால் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம்.

உங்கள் கணவரின் கோபத்துக்கு அடியில் பயம் இருக்கிறது. கெட்ட சகவாசமோ, படிப்பு போய்விடுமோ, பிள்ளையைச் சரியாக வளர்க்கவில்லை என்று நாலு பேர் சொல்வார்களோ என்ற பயம். அது நியாயமில்லாத பயம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் முடியைத் திட்டுவதால் அதற்கு விடை கிடைக்காது. சகவாசம் கவலை என்றால் நண்பர்களை வீட்டுக்கு அழைத்து, பெயர் தெரிந்துகொண்டு, உட்கார வைத்துப் பேசுங்கள். படிப்பு கவலை என்றால் எந்தப் பாடத்தில், எந்தப் பகுதியில் குறைந்தது என்று விடைத்தாளை எடுத்துப் பாருங்கள். இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று கவனியுங்கள். 13 முதல் 18 வயது வரை எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. மதிப்பெண் குறைவதற்கு முடியைவிட நள்ளிரவு தாண்டிய போன் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்னொன்றும் உண்டு: தினமும் சாப்பிட உட்காரும்போது திட்டு வாங்கும் பிள்ளைக்கு அதற்குப் பிறகு புத்தகத்தில் மனம் ஒட்டாது.

மாமியார் சொல்லும் சத்துக் கணக்கு சரியில்லை. தோலுக்கு வெளியே தெரியும் முடியில் உயிர் கிடையாது. ரத்த ஓட்டமும் இல்லை. அது எவ்வளவு நீண்டாலும் உடம்பிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளாது. சத்து தேவைப்படுவது தோலுக்கு அடியில் இருக்கும் வேர்க்காலுக்கு மட்டும். மொட்டையடித்தாலும் இடுப்புவரை வளர்த்தாலும் வேர்க்கால் அதே வேகத்தில்தான் வேலை செய்யும். வெட்டினால் அடர்த்தியாக வளரும் என்பதும் இதே காரணத்தால் தவறு. நுனியில் கத்தரி வைப்பது வேருக்குத் தெரியாது. முடி கண்ணில் விழுந்தால் பார்வை கெடும் என்றும் யாராவது சொல்வார்கள். 15 வயதில் பார்வை வளர்ச்சி முடிந்துவிட்டதால் அந்தப் பயம் வேண்டாம். ஆனால் கண் உறுத்தும், சைக்கிளில் போகும்போது பக்கவாட்டில் வருவது மறையும். அதனால் வண்டியில் ஏறுமுன் முன்முடியை ஒதுக்கிக் கட்ட வேண்டும்.

பொடுகுக்கு நீளம் காரணமில்லை. பருவ வயதில் ஹார்மோன் மாற்றத்தால் தலைத்தோலில் எண்ணெய்ச் சுரப்பு கூடுகிறது. எல்லோர் தலையிலும் இயல்பாகவே இருக்கும் ஒரு வகைப் பூஞ்சை அந்த எண்ணெயில் பெருகுகிறது. அதனால் அரிப்பும் செதிலும் வருகின்றன. தலையை மொட்டையடித்தாலும் பொடுகு தானாகப் போகாது. நீளமுடி இருந்தால் ஷாம்பு தோலைச் சென்று சேராமல் முடியிலேயே நின்றுவிடும், சிக்கல் அவ்வளவுதான். கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்து 2 சதவீதம் உள்ள ஷாம்புவை வாரம் இருமுறை, இரண்டிலிருந்து நான்கு வாரம் பயன்படுத்தினால் பெரும்பாலும் அடங்கும். முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, தோலில் படும்படி தேய்த்து, மூன்று முதல் ஐந்து நிமிடம் வைத்திருந்து அலச வேண்டும். போட்ட உடனே கழுவிவிட்டு "மருந்து வேலை செய்யல" என்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. நான்கு வாரத்துக்குப் பிறகும் குறையாவிட்டாலோ, செதிலோடு சேர்ந்து வட்டமாக முடி கொட்டினாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பொதுவான பராமரிப்பை அவனுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஒட்ட வெட்டிய தலைக்கு ஒரு கை தண்ணீர் போதும் என்ற பழக்கத்திலேயே அவன் இருப்பான். நீளமுடி வளர்க்கும் பையன்களின் தலை பரட்டையாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம் இது. பெற்றோரின் எரிச்சலில் பாதி நீளத்தால் வருவதில்லை, அந்தப் பரட்டைக் கோலத்தால் வருகிறது. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். இந்தப் பகுதியை அவனிடமே படிக்கக் கொடுங்கள்.

குளிக்கும் முன் காய்ந்த முடியில் சிக்கெடுக்க வேண்டும். அகலப் பல் சீப்பால் முதலில் நுனிப்பகுதி, பிறகு நடுப்பகுதி, கடைசியாக வேரிலிருந்து. உச்சியிலிருந்து நேராக இழுத்தால் சிக்குகள் எல்லாம் கீழே போய் ஒரே முடிச்சாகும், பாதி முடி அறுந்து வரும். சுருட்டை முடி என்றால் காய்ந்த நிலையில் சீவவே கூடாது. கண்டிஷனர் போட்டு ஈரமாக இருக்கும்போது விரலாலோ அகலப் பல் சீப்பாலோ பிரிக்க வேண்டும். எண்ணெய்ப் பசை உள்ள தலைக்கு வாரம் மூன்று முறை ஷாம்பு போடலாம். வியர்த்து விளையாடுகிறவன் என்றால் இன்னொரு முறையும் சேர்த்துக்கொள்ளலாம். காலரைத் தாண்டிய முடிக்கு இரண்டு டீஸ்பூன் ஷாம்பு போதும். அதைத் தலைத்தோலில் மட்டும் விரல் நுனியால் தேய்த்தால், அலசும்போது வழியும் நுரையே கீழே உள்ள முடியைச் சுத்தம் செய்துவிடும். கண்டிஷனரை நேர்மாறாகக் காதுக்குக் கீழே உள்ள பகுதியில் மட்டும் தடவி, இரண்டு நிமிடம் கழித்து நன்றாக அலச வேண்டும். அதை வேரில் தடவினால் மாலைக்குள் தலை பிசுபிசுக்கும்.

துண்டால் பரபரவென்று துவட்டக் கூடாது. ஈரமுடி ரப்பர் போல இழுபட்டு எளிதில் அறும். துண்டைச் சுற்றி அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுத்தால் போதும். முழுதாகக் காயும்முன் கட்டவும் கூடாது. உள்ளே ஈரம் தங்கினால் நாற்றமும் அரிப்பும் வரும். வீட்டில் கிடக்கும் வெறும் ரப்பர் பேண்டைப் போட்டுக் கட்டுவது இந்த வயதுப் பையன்கள் எல்லோரும் செய்வது. அவிழ்க்கும்போது கொத்தாக முடி அறுந்து வரும். துணி சுற்றிய பேண்டு நாலைந்து வாங்கிக் கொடுங்கள். ஒரே இடத்தில், இறுக்கமாக, தினமும் கொண்டை போட்டால் நெற்றியோர முடி பலவீனமாகும். கட்டினால் தலை வலிக்கிறது, வேரோரம் சின்னச் சின்னப் பொரிகள் வருகின்றன, நெற்றியில் குட்டை முடிகள் அறுந்து நிற்கின்றன என்றால் இறுக்கம் அதிகம் என்று பொருள். உடனே தளர்த்தினால் சரியாகிவிடும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் அந்த இடத்தில் முடி நிரந்தரமாகவே போய்விடக்கூடும்.

நெற்றியில் மட்டும் பரு வருகிறதா என்று பாருங்கள். எண்ணெயோ ஜெல்லோ தடவிய முன்முடி நெற்றியில் படிந்துகிடந்தால் தோலின் துளைகள் அடைபடும். தூங்கும்போது முடியைப் பின்னால் ஒதுக்கித் தளர்வாகக் கட்டுவதும், தலையணை உறையை வாரம் ஒருமுறை மாற்றுவதும் இதற்கு நல்ல பலன் தரும். பேன் வந்தால் "சுத்தமில்லை" என்று திட்ட வேண்டாம். பேன் சுத்தமான தலையிலும் வரும், தலையோடு தலை ஒட்டுவதால் பரவும். மருந்து போட்ட பிறகு மிஞ்சிய ஈறுகள் ஒரு வாரம், பத்து நாளுக்குள் பொரியும் என்பதால் மருந்துச் சீட்டில் சொன்னபடி இரண்டாம் முறையும் போட வேண்டும். அந்த இரண்டாம் முறையை விட்டுவிடுவதால்தான் பல வீடுகளில் பேன் திரும்பத் திரும்ப வருகிறது. முடியை நேராக்கும் ரசாயன சிகிச்சை வேண்டும் என்று கேட்டால் மட்டும் மறுத்துவிடுங்கள். அவற்றில் சில, சூடு படும்போது ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளியிடுகின்றன. கண்ணுக்கும் மூச்சுக்கும் அது கேடு.

தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. நீளமாக இருப்பதால் குளியலறையில் அது கண்ணுக்கு அதிகமாகத் தெரியும். வடிகால் வாயில் சேரும் முடியை எடுத்துப் போடுவது அவன் வேலை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வளர்ப்பதிலும் ஒரு சங்கடமான கட்டம் உண்டு. ஆறாவது மாதத்திலிருந்து ஏறக்குறைய ஒரு வருடம் வரை முடி காதை மூடும், ஆனால் கட்ட வராது, பக்கவாட்டில் குடை போல விரியும். உங்கள் மகன் அதைத் தாண்டும் நிலையில் இருக்கிறான். எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை சலூனில் "நீளத்தைக் குறைக்க வேண்டாம், நுனியில் ஒரு சென்டிமீட்டர், பிடரியோரமும் காதோரமும் சீராக்கினால் போதும்" என்று அவனே கேட்கட்டும். அதைக் கேட்க அவனோடு போங்கள், ஆனால் நாற்காலிக்குப் பின்னால் நின்று முடிதிருத்துபவருக்குக் கண்ஜாடை காட்டி ஒட்ட வெட்டச் சொல்லாதீர்கள். அதுவும் பலவந்தமே.

பாதுகாப்பு நிபந்தனைகளில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். ஆய்வகத்தில் சுடர் எரியும்போதும் அடுப்பருகிலும் முடி கட்டியிருக்க வேண்டும். துளையிடும் கருவி, கடைசல் இயந்திரம் போலச் சுழலும் எதன் அருகே போனாலும் கட்டினால் மட்டும் போதாது, தொப்பிக்குள் போக வேண்டும். சுழலும் தண்டில் சிக்கிய முடியைக் கையால் இழுத்துக் காப்பாற்ற நேரம் இருக்காது. ஹெல்மெட் போடும்போது உச்சிக்கொண்டை கூடாது. அது ஹெல்மெட்டைத் தூக்கிவிடும், விழுந்தால் பாதுகாப்பு இராது. பிடரியில் தாழ்வாகக் கட்ட வேண்டும். நீச்சல் குளத்தில் தொப்பி அவசியம், தண்ணீரை உறிஞ்சும் துவாரத்தின் அருகே போகவே கூடாது. நீளமுடி அதில் சிக்கினால் தலையைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவர முடியாமல் போகும்.

பள்ளி விஷயத்துக்கு வருவோம். எச்சரித்தார்கள் என்றீர்கள், எந்த விதியின் கீழ் என்று எழுதவில்லை. விதிப் புத்தகத்தை வாங்கி அந்த வரியை அப்படியே படியுங்கள். காலருக்கு மேல், காதுக்கு மேல், புருவத்துக்கு மேல் என்றிருக்கும், அல்லது "நேர்த்தியாக" என்று மட்டும் இருக்கும். கட்டிக்கொண்டு வந்தால் போதுமா என்பதை மகனையும் அழைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். சில இடங்களில் அதுவே போதும். போதாது என்றால், விதியை மாற்றச் சொல்லி அவன் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கட்டும். முடிவு வரும்வரை விதிக்கு உட்படுவதா, அதன் விளைவை ஏற்பதா என்று உட்கார்ந்து பேசுங்கள். படிப்பு தடைபடும் அளவுக்குப் போனால் மட்டும் விதிப்படி வெட்டத்தான் வேண்டும். அதையும் அவனே தேதி குறித்து, தனக்குப் பிடித்த வெட்டில் செய்துகொள்ளட்டும். ஆசிரியரிடம் ரகசியமாகச் சொல்லி வெட்ட வைக்கும் யோசனை வந்தால் அதை விட்டுவிடுங்கள். எப்படியும் அவனுக்குத் தெரிந்துவிடும்.

இந்த மோதல் உங்கள் வீட்டில் தொடங்கியதில்லை என்பதை உங்கள் கணவரிடம் சொல்லலாம். இன்றைய அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்த மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1649இல் ஆளுநரும் நீதிபதிகளும் ஆண்கள் நீளமுடி வைப்பதைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டார்கள். 1970களில் சிங்கப்பூர் அரசு அலுவலகங்களில் நீளமுடி ஆண்களைக் கடைசியாகத்தான் கவனிப்போம் என்ற அறிவிப்புத் தாள்கள் தொங்கின. எது நீளம் என்றும் அதில் படம் போட்டிருந்தார்கள்: புருவத்தைத் தொடுவது, காதை மூடுவது, காலருக்குக் கீழே இறங்குவது. அமெரிக்காவில் பள்ளி மாணவர்களின் முடி வழக்குகளில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் 1969இல் மாணவர் பக்கம் நின்றது. வேறொன்று 1972இல் பள்ளியின் பக்கம் நின்றது. நீதிபதிகளுக்கே ஒத்துப்போகாத விஷயத்தில் அப்பாவும் மகனும் ஒத்துப்போகவில்லை என்றால் குடும்பம் கெட்டுவிட்டதாக அர்த்தமில்லை.

அப்பா மகனிடம் சொல்லக்கூடியது இது: "உன் முடி உன்னோடது. எனக்குப் பிடிக்கல, அதை ஒரு தடவை சொல்லிட்டேன், இனிமே சொல்ல மாட்டேன். ஆனா தலை சுத்தமா இருக்கணும், வேலை செய்யும்போது கட்டணும், பள்ளிக்கூடத்து விதியை நாம சேர்ந்து பார்க்கலாம்." மூன்று மாதம் இப்படி ஓடட்டும் என்று நாள் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று மாதமும் கிண்டல், பெருமூச்சு, ஜாடைப் பேச்சு எதுவும் கூடாது. குடும்ப விசேஷத்துக்கு வாரிக் கட்டிக்கொண்டு வரச் சொல்லலாம், வெட்டிக்கொண்டு வரச் சொல்லக் கூடாது. இரண்டு வாரம் தலை குளிக்காமல் சுற்றினால்? "வெட்டிடுவேன்" என்று போகாமல், சனிக்கிழமை வெளியே போகுமுன் தலை குளித்திருக்க வேண்டும் என்று அந்த ஒன்றை மட்டும் பிடியுங்கள்.

"பொம்பளைப் பிள்ளை மாதிரி" என்ற வார்த்தையை வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். வீட்டிலுள்ள பெண்களையும் அது தாழ்த்துகிறது. நீளமுடியை வைத்து ஒரு பையனின் மனதைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. பெரும்பாலோர் அழகாக இருக்கிறது என்றுதான் வளர்க்கிறார்கள். தன்னைப் பற்றி அவனுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால், துருவாத பெற்றோரிடம்தான் அது வரும். உறவினர்கள் கேட்டால் மகன் காதில் விழும்படியே "அவனுக்குப் பிடிச்சிருக்கு, நாங்க பேசிக்கிட்டோம்" என்று சொல்லிப் பேச்சை மாற்றுங்கள். மாமியாரை எதிர்க்கட்சியில் உட்கார வைக்காதீர்கள். நீளமுடியைச் சிக்கெடுத்துக் கட்டும் வித்தை உங்கள் வீட்டில் அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கும். பேரனுக்குக் கற்றுத்தரச் சொல்லிப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். ஆசைப்பட்டு வளர்ப்பவன் முடியைத் தொட்டுப் பார்ப்பான், கண்ணாடி முன் நிற்பான், சீப்பைப் பற்றிப் பேசுவான். மறைப்பதற்காக வளர்ப்பவன் வேறு மாதிரி இருப்பான். முகத்தின் மேல் முடியைப் போட்டுக்கொள்வான், யாராவது ஒதுக்கினால் பதறுவான். காதையோ பருவையோ சக மாணவர்கள் கேலி செய்வது, காசளவில் வழுக்கை விழுந்திருப்பது, தானே முடியைப் பிடுங்கும் பழக்கம் என்று காரணம் பல இருக்கலாம். குளிப்பதையே நிறுத்தி, நண்பர்களை ஒதுக்கி, தூக்கமும் பசியும் மாறி, பிடித்த எதிலும் ஈடுபாடில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் முடிப் பேச்சை விட்டுவிட்டு மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ அழைத்துப் போங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. கதவுத் தாழ் மட்டும்தான் உறுத்துகிறது, அதற்குக் காரணம் நமக்குத் தெரியும்.

என்றாவது அவனே வந்து "வெட்டிக்கலாம்னு இருக்கேன்" என்பான். பலர் ஓரிரு வருடத்தில் சொல்வார்கள், சிலர் சொல்லவே மாட்டார்கள். சொன்னால் "அப்பவே சொன்னோமே" என்று ஆரம்பிக்காதீர்கள். அதற்காகவே இன்னும் ஆறு மாதம் வளர்ப்பான். அன்று 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம் சேர்ந்திருந்தால், நோயாளிகளுக்கு விக் செய்யத் தானம் கொடுக்கிறாயா என்று கேட்டுப் பாருங்கள். பெறுகிறவர்களின் நிபந்தனையை முன்பே விசாரித்துவிட்டு, முடியைக் கழுவி முழுதாகக் காயவைத்து, பின்னியோ மேலும் கீழும் இரண்டு பேண்டு போட்டுக் கட்டியோ, மேல் பேண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே வெட்டச் சொல்ல வேண்டும். தரையில் விழுந்து சிதறிய முடியை யாரும் வாங்க மாட்டார்கள், அதனால் சலூன் நாற்காலியில் உட்காரும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.